அரசின் கணக்கை நாமே பார்ப்பது எப்படி: கோட்டையிலிருந்து ஊராட்சி வரை

மாநில அரசின் வரவு செலவுத் திட்டம் வெளியான மறுநாள், நாளிதழ்களில் ஒரு ரூபாய் நாணயத்தின் படம் வரும். எத்தனை காசு எங்கிருந்து வருகிறது, எத்தனை காசு எதற்குப் போகிறது என்று வண்ணம் பிரித்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அரசின் நிதிநிலை நன்றாக இருக்கிறதா, சரிகிறதா என்பதை அந்தப் படத்தால் சொல்ல முடியாது. ஆறேழு எண்களை எடுத்துவைத்துக்கொண்டு நாமே வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

திருவாரூர் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுடன் உட்கார்ந்து இந்தக் கணக்குகளைப் படிக்கிறேன். அவர்களுக்குச் சொல்லித்தரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மாநிலக் கணக்கில் தொடங்கி ஊராட்சிக் கணக்கில் முடிக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் இரண்டுமே புரியாது என்பது என் உறுதியான கருத்து.

கையில் இருக்க வேண்டியவை

மாநிலத்துக்கு: நிதியமைச்சரின் வரவு செலவுத் திட்ட உரை, அதனுடன் பேரவையில் வைக்கப்படும் நடுத்தரகால நிதித் திட்டம். தமிழ்நாடு நிதிசார் பொறுப்புடைமைச் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நடுத்தரகாலத் திட்டத்தை வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கட்டளை. உரை தமிழிலேயே கிடைக்கிறது. நிதித்துறையின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அறிவிப்புகளைப் படிக்கும் ஆர்வம் இருந்தால் பிறகு படியுங்கள். முதலில் உரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். வரவு, செலவு, பற்றாக்குறை, கடன் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஊராட்சிக்கு: கடந்த நிதியாண்டின் வரவு செலவு அறிக்கை, வீட்டு வரியின் கேட்பு (அந்த ஆண்டு வர வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியல், கடைசியாக வந்த மின்கட்டணப் பட்டியல்கள். இவற்றை எப்படி வாங்குவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடன் தொகையைக் கண்டு திகைக்க வேண்டாம்

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஓர் எண் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன். மாநிலமே அந்த எண்ணைத்தான் பேசியது. டீக்கடையிலும் பேசினார்கள், கல்யாண வீட்டிலும் பேசினார்கள். மக்களைக் கணக்கின் பக்கம் திரும்ப வைத்தது அது. அந்த வகையில் அதை நான் மதிக்கிறேன். ஆனால் அரசின் நிலையை அளக்க அந்த எண் உதவாது. கடன் கூடிக்கொண்டே போனாலும் மாநிலத்தின் வருமானம் அதைவிட வேகமாகக் கூடினால் சுமை குறைகிறது என்று பொருள். கடன் கூடாமலே இருந்தும் வருமானம் சுருங்கினால் சுமை ஏறுகிறது.

எனவே கடனை மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்போடு ஒப்பிட வேண்டும். 2025-26 திட்டத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு 2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்தது. 2026 மார்ச் 31 அன்று நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாயாக இருக்கும் என்றும், அது மாநில மொத்த உற்பத்தியில் 26.07 விழுக்காடு என்றும் அதில் மதிப்பிட்டிருந்தார்கள். இந்த விழுக்காட்டை ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதுங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுங்கள். முக்கியமான செய்தி கடனின் அளவில் இல்லை.

கடன் எதற்கு?

இதுதான் என் முதல் கேள்வி. தணிக்கையில் இருந்த காலம் முழுவதும் நான் கேட்ட கேள்வியும் இதுவே.

இரண்டு பற்றாக்குறைகள் உண்டு. அரசின் அன்றாட வரவைவிட அன்றாடச் செலவு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது வருவாய்ப் பற்றாக்குறை. சாலை, பாலம், அணை, கட்டடம், கொடுக்கும் கடன் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தத்தில் எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பது நிதிப் பற்றாக்குறை. செய்திகளில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது என்று நிறுத்திக்கொள்வார்கள். 2025-26 மதிப்பீட்டில் அது 1,06,963 கோடி. சரியாக 3 விழுக்காடு. வரம்புக்குள் இருக்கிறது.

இப்போது வருவாய்ப் பற்றாக்குறையைப் பாருங்கள். வருவாய் வரவு 3,31,569 கோடி. வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. வித்தியாசம் 41,635 கோடி. அதை 1,06,963ஆல் வகுங்கள். 0.39 வரும். அதாவது வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் 39 ரூபாய், சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி ஆகிய அன்றாடச் செலவுக்கே போகிறது. மிச்சம் 61 ரூபாய்தான் புதிதாக ஏதாவது உருவாக்குவதற்கு. வீடு கட்டக் கடன் வாங்கும் குடும்பமும் மளிகை பாக்கிக்குக் கடன் வாங்கும் குடும்பமும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். அரசுக்கும் இதே வேறுபாடு உண்டு.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதற்குக் கடன் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது இரண்டு தலைமுறைக்கு ஓடும். அதன் தவணையை இரண்டு தலைமுறை கட்டுவது நியாயம். சென்ற மாதத்துச் சம்பளத்துக்கு வாங்கிய கடனை, இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கட்டப்போகிறார்கள் என்றால் அது நியாயம் இல்லை.

தமிழ்நாடு எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006 முதல் 2013 வரையிலான ஏழு நிதியாண்டுகளில் ஐந்தில் வருவாய் உபரி இருந்தது. 2013க்குப் பிறகு ஆண்டுதோறும் பற்றாக்குறை. 2020-21இல் அது 61,320 கோடி என்று வெள்ளை அறிக்கை சொன்னது. கொரோனா ஆண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது.

மூன்று எண்களையும் பாருங்கள்

ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள் வரும். ஆண்டு தொடங்கும்போது மதிப்பீடு. ஆண்டு முடியும் தறுவாயில் திருத்திய மதிப்பீடு. அதற்கும் ஓராண்டு கழித்து உண்மைக் கணக்கு. பெரும்பாலோர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். 2022-23இன் வருவாய்ப் பற்றாக்குறையைப் பாருங்கள். மதிப்பீடு 52,781 கோடி. திருத்தியபோது 30,476 கோடி. அன்றைக்கு அதைக் கொண்டாடினார்கள். உண்மைக் கணக்கில் அது 36,215 கோடி. மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் திருத்திய எண்ணை மட்டும் மனத்தில் வைத்திருந்தவருக்கு 5,739 கோடி ரூபாய் கண்ணிலிருந்து தப்பிவிட்டது.

ஆகவே ஒரு நோட்டில் ஆண்டுக்கு மூன்று கட்டங்கள் போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் நிரப்புங்கள். எந்த அரசு வந்தாலும் மதிப்பீடு எந்தப் பக்கம் பிசகுகிறது என்பது சில ஆண்டுகளில் தெரிந்துவிடும். வரவை அதிகமாக மதிப்பிடும் பழக்கம், செலவைக் குறைத்துக் காட்டும் பழக்கம் இரண்டும் கட்டங்களில் அகப்பட்டுக்கொள்ளும்.

ஆண்டு முடியும்வரை காத்திருக்க மனமில்லை என்றால், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் இணையதளத்தில் ஒவ்வொரு மாநிலத்தின் மாதாந்தரக் கணக்கும் ஒரு பக்க அட்டவணையாக வருகிறது. தணிக்கைக்கு முந்தைய கணக்கு அது. அதில் மூலதனச் செலவின் (சாலை, கட்டடம் போன்றவற்றுக்கான செலவு) வரிசையை மட்டும் கவனியுங்கள். அதை முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பணம் போதாதபோது அரசு முதலில் நிறுத்துவது கட்டுமானத்தை. சம்பளத்தை நிறுத்த முடியாது, வட்டியை நிறுத்த முடியாது. கால்வாய் தூர்வாரும் பணியைத் தள்ளிப்போட்டால் அன்றைக்கே யாரும் கேட்பதில்லை.

கை வைக்க முடியாத செலவு

அதே 2025-26இல் சம்பளம் 90,464 கோடி. ஓய்வூதியமும் ஓய்வுக்காலப் பலன்களும் 41,290 கோடி. வட்டி 70,754 கோடி. மூன்றையும் கூட்டினால் 2,02,508 கோடி. வருவாய் வரவில் 61 விழுக்காடு. என் ஓய்வூதியமும் அந்த 41,290 கோடிக்குள் இருக்கிறது. அது நான் உழைத்துப் பெற்றது, அதைப் பற்றி எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஓர் அரசின் வரவில் 61 விழுக்காடு முதல் நாளிலேயே பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது என்பதை வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்தல் அறிக்கைகள் எல்லாம் மிச்சமிருக்கும் 39 விழுக்காட்டின் மீதுதான் எழுதப்படுகின்றன. மானியங்களும் உதவித்தொகைகளும் மட்டும் 1,53,724 கோடி. அது அந்த 39 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டும் பகுதிதான் கடனாக மாறுகிறது.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் இலவசங்களை நிறுத்த வேண்டும் என்கிறீர்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டான். அப்படிச் சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிய உதவுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அதற்கு 2025-26இல் 13,807 கோடி ஒதுக்கினார்கள். அது தேவையான செலவு என்றே நினைக்கிறேன். தேவையான செலவுக்கு நிலையான வரவைத் தேட வேண்டும் என்பதே என் வாதம். கடனை வரவாக எண்ணக் கூடாது.

வட்டியைத் தனியாக ஒருமுறை பாருங்கள். வட்டி 70,754 கோடி, மூலதனச் செலவு 57,231 கோடி. ஓராண்டில் புதிதாகக் கட்டுவதைவிடப் பழைய கடனின் வட்டி பெரிது. வருவாய் வரவில் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 21 ரூபாய் வட்டிக்குப் போகிறது. எல்லா எண்களையும் நினைவில் வைக்க முடியாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஆண்டுதோறும் குறித்துவந்தால்கூடப் போதும். இது ஏறினால் மற்றவை எல்லாம் நெருக்கடியில் இருக்கின்றன என்று பொருள்.

வரவு யார் கையில் இருக்கிறது

வரவை நான்கு பங்காகப் பிரியுங்கள். சொந்த வரி 2,20,895 கோடி. வரி அல்லாத சொந்த வருவாய் 28,818 கோடி. மத்திய வரிகளில் பங்கு 58,022 கோடி. மத்திய அரசின் மானியம் 23,834 கோடி. சொந்த வரி மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு. இது தமிழ்நாட்டின் பெரிய பலம். தன் கையை நம்பும் அரசு, தில்லியிலிருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பலத்துக்குள் ஒரு வேதனையும் இருக்கிறது. டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2024-25இல் கிடைத்த வரி வருவாய் 48,344 கோடி. அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறையைத் திருத்தியபோது 46,467 கோடி என்றார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மதுவிலக்கைப் பற்றிப் பேசும் எந்தக் கட்சியும் அந்த இரண்டாவது எண்ணுக்கு விடை சொல்ல வேண்டும்.

மத்திய வரிகளில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 9ஆவது நிதிக்குழுவின் காலத்தில் 7.931 விழுக்காடாக இருந்த நம் பங்கு 15ஆவது நிதிக்குழுவில் 4.079 விழுக்காடாகச் சுருங்கியது. மானியத்திலோ நிச்சயம் என்பதே இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி வரவில்லை என்று 2025 மார்ச் உரையிலேயே சொன்னார்கள். ஆசிரியர் சம்பளத்தை மாநிலமே போட்டுக் கொடுத்தது. எனவே மானிய வரிசையில் எழுதப்பட்டிருப்பது எதிர்பார்ப்பு. வந்து சேர்ந்ததா என்பதை உண்மைக் கணக்கு வரும் ஆண்டில்தான் அறிய முடியும்.

கணக்கில் வராத பாக்கி

அரசின் கணக்குக்கு வெளியே நிற்கும் கடனும் அரசின் கடன்தான். மின்வாரியம் இதற்குப் பெரிய சான்று. மின்வாரியங்களின் கடனை மாநில அரசுகள் ஏற்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் தமிழ்நாடு சேர்ந்தபோது, மின்வாரியத்தின் 22,815 கோடி ரூபாய்க் கடன் ஒரே கையெழுத்தில் மாநில அரசின் கடனாக மாறியது. முந்தைய நாள்வரை அது அரசுக் கடன் பட்டியலில் இல்லை. ஆகவே உரையைப் படிக்கும்போது 'உத்தரவாதம்' (பிற நிறுவனங்களின் கடனுக்கு அரசு ஏற்கும் பொறுப்பு) என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். மின்சாரம், போக்குவரத்து நிறுவனங்களின் இழப்பை ஈடுகட்ட எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். மாநிலக் கணக்கில் எனக்குக் கவலை தருவது அறிவித்த கடனைவிட இந்த இடம்தான்.

ஊராட்சிக்கு வருவோம்

மாநிலத்தின் வரவில் மிச்சமிருக்கும் அந்த 39 விழுக்காட்டில் இறுக்கம் வந்தால், அந்த இறுக்கம் கடைசியில் வந்து சேருமிடம் ஊராட்சி. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரியில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு வர வேண்டும். மத்திய நிதிக்குழு மானியமும் வர வேண்டும். இரண்டும் தாமதமானால் தெருவிளக்கு பழுதாகிக் கிடக்கும். குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் பாக்கி நிற்கும்.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளுக்கு அடிப்படையில் மூன்று வங்கிக் கணக்குகள். கணக்கு எண் 1 பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் போன்ற சொந்த வருவாய் இதில் சேரும். அன்றாடச் செலவு இதிலிருந்து போகும். கணக்கு எண் 2 மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியக் கட்டணத்துக்கும் உரியது. கணக்கு எண் 3 திட்டப் பணிகளுக்கு உரியது. இந்தப் பிரிப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் செய்ய வேண்டியது, மார்ச் 31 அன்று வங்கியில் எவ்வளவு இருப்பு என்று கேட்பது. ஐந்து லட்சம் இருக்கிறது என்று சொன்னவுடன் ஊராட்சி வசதியாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அந்த இருப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது? 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்ட நிதி. சிமென்ட் சாலைக்கு அதை எடுக்க முடியாது. கணக்கு எண் 1இல் உள்ள இருப்பு மட்டுமே ஊராட்சி தன் விருப்பப்படி செலவு செய்யக்கூடிய பணம். அதிலும் கொடுத்துவிட்டு இன்னும் வங்கிக்கு வராத காசோலைகளைக் கழிக்க வேண்டும்.

அடுத்து, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திட்டப் பணிக்கு வந்த பணத்தை எடுத்துச் சம்பளம் கொடுத்துவிட்டு, பிறகு திருப்பி வைக்காமல் விட்ட ஊராட்சிகளை நான் தணிக்கையில் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரில் அங்கன்வாடிச் சுற்றுச்சுவர் பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். கேட்டால், "கரண்ட்டைக் கட் செய்ய வந்துவிட்டார்கள் சார், வேறு வழியில்லை" என்றார்கள். அவர்கள் திருடவில்லை. ஆனால் மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறையும் இந்தச் சுற்றுச்சுவரும் ஒரே செயலின் இரண்டு அளவுகள். நிலைத்து நிற்க வேண்டியதற்கு வந்த பணம், அன்றாடத்தில் கரைந்துவிட்டது.

இப்போது கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலுக்கு வாருங்கள். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். கற்பனையாக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். 600 வீடுகள், சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 200 ரூபாய். கேட்பு 1,20,000. குடிநீர் இணைப்பு 400, மாதம் 50 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2,40,000. மொத்தக் கேட்பு 3,60,000 ரூபாய். வசூல் 2,16,000 என்றால் 60 விழுக்காடு. இனி இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்த வசூலில் நடப்பாண்டுக்கு உரியது எவ்வளவு, பழைய நிலுவை எவ்வளவு? இரண்டையும் கலந்து காட்டினால் வசூல் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். நடப்புக் கேட்பில் 90 விழுக்காடாவது அந்த ஆண்டுக்குள்ளேயே வசூலானால்தான் அந்த ஊராட்சியை நான் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்வேன்.

இரண்டாவது கேள்வி, கேட்பே சரியா? பட்டியலில் 600 வீடு இருக்கலாம். ஊரில் 750 வீடு இருக்கலாம். புதிதாகக் கட்டிய மாடி வீடுகள் பழைய ஓட்டு வீட்டின் வரியிலேயே தொடரலாம். தொழில் வரியைப் பெரும்பாலான ஊர்களில் மறந்தே விடுகிறார்கள். ஊரில் அரிசி ஆலை இருக்கிறதா, வங்கிக் கிளை இருக்கிறதா, பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்கள், கடைத்தெருவில் எத்தனை கடைகள் என்று நடந்து எண்ணி, தொழில் வரிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு நபருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய்தான் அரசியலமைப்பு அனுமதிக்கும் தொழில் வரி. இருந்தாலும் சிறிய ஊராட்சிக்கு அது பெரிய வரவு.

வரி உயர்வு என்றால் கசப்புதான். அந்தக் கசப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நகரங்கள் சாட்சி. சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும் சொத்து வரியைத் திருத்தாமல் வைத்திருந்து, 2022 ஏப்ரலில் ஒரேயடியாக 25 முதல் 150 விழுக்காடுவரை உயர்த்தினார்கள். ஆண்டுதோறும் சிறிதாக ஏறியிருந்தால் யாருக்கும் சுமையாகத் தெரிந்திருக்காது. மக்கள் கொடுக்கவே மாட்டார்கள் என்பதும் சரியல்ல. ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களே முன்பணம் கட்டினார்கள். என்ன கிடைக்கும் என்று தெரிந்தால் கொடுப்பார்கள்.

கடைசியாக மின்கட்டணம். தெருவிளக்கு, மோட்டார் அறை ஒவ்வொன்றின் இணைப்பு எண்ணையும் எழுதிவைத்து, நிலுவை எவ்வளவு என்று மின்வாரிய அலுவலகத்திலேயே கேளுங்கள். வரவு செலவு அறிக்கையில் உபரி காட்டும் ஊராட்சி மின்கட்டணத்தைக் கட்டாமல் வைத்திருந்தால், அந்த உபரி உண்மையானதல்ல. குடிநீர் வடிகால் வாரியப் பாக்கியையும் இதேபோல் பாருங்கள். இன்னொரு வகைப் பாக்கி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பத்தாண்டுகளாகச் சுண்ணாம்பு காணாத மேல்நிலைத் தொட்டி, கசியும் குழாய், கம்பி தெரியும் சமுதாயக் கூடம். பராமரிப்பைத் தவிர்த்து மிச்சம் பிடித்த பணத்தை நான் இருப்பாகக் கணக்கிட மாட்டேன்.

தாள்களை வாங்கும் வழி

இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் ஆண்டுத் திட்டமும் நிதிக்குழு மானியத்தில் செய்த செலவும் தெரியும். சொந்த வருவாய் விவரம் அதில் போதுமான அளவு கிடைப்பதில்லை. அதற்குக் கிராம சபைதான் வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவைப் படிக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள். "ஊழல் நடந்திருக்கிறது" என்று தொடங்கினால் சண்டையில் முடியும், தாள் கிடைக்காது. இப்படிக் கேளுங்கள்: "தலைவர் அம்மா, கணக்கு ஒன்றில் மார்ச் 31 அன்று எவ்வளவு இருப்பு? வீட்டு வரியில் நடப்புக் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு? மின்கட்டணப் பாக்கி எவ்வளவு? இதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்." பதிவேட்டில் எழுதுவதுதான் முக்கியம். எழுதியபின் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியை நிர்வகிக்கும் தனி அலுவலரிடம் இதே கேள்விகளைக் கேட்கலாம். 2016 முதல் 2019வரை தேர்தல் நடக்காததால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்பட்டது நினைவிருக்கும். 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் மீண்டும் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது மக்களாட்சிக்கு மட்டும் இழப்பல்ல, கஜானாவுக்கும் இழப்பு. இதை எந்தக் கட்சி ஆண்டாலும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கிராம சபையில் விடை வரவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். "கடந்த மூன்று ஆண்டுகளின் எல்லா ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள். அது விண்ணப்பத்தைக் கிடப்பில் போட வசதியாகிவிடும். மூன்றே கேளுங்கள்: கடந்த நிதியாண்டின் வரவு செலவு அறிக்கை, கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல், கடைசித் தணிக்கை அறிக்கையும் அதில் நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகளுக்கு (தணிக்கையர் எழுப்பிய ஆட்சேபங்கள்) ஊராட்சி அளித்த பதில்களும். ஒவ்வொன்றையும் தனி எண்ணிட்டு எழுதுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. கொடுத்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சான்றை விண்ணப்ப நகலோடு சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.